கண்காட்சியில் நிற்கும் யாட்டில் ஓடும் யாட்டைப் பார்ப்பது எப்படி

கேள்வி இதுதான்: "நானும் மனைவியும் முதல் முறையாக ஒரு படகுக் கண்காட்சிக்குப் போகப் போகிறோம். 12 முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ள மோட்டார் யாட் வாங்கும் எண்ணம் இருக்கிறது. சிறிய படகு ஓட்டிய அனுபவம் உண்டு, பெரியது ஓட்டியதில்லை. படங்களில் எல்லாமே அழகாகத்தான் இருக்கின்றன. நேரில் போனால் எதைப் பார்ப்பது, என்ன கேட்பது?"

கண்காட்சியில் நீங்கள் ஏறப்போவது கட்டிப்போட்ட படகு. என்ஜின் ஓடாது. தொட்டிகளில் டீசலும் தண்ணீரும் பெயருக்குத்தான் இருக்கும். ஏசி கரையிலிருந்து வரும் மின்சாரத்தில் சத்தமில்லாமல் ஓடும். மேசையில் தட்டும் கண்ணாடிக் கோப்பையும் அடுக்கியிருப்பார்கள், படுக்கையில் ஏழெட்டுத் தலையணை இருக்கும். நீங்கள் பணம் கொடுத்து வாங்குவதோ ஆடுகிற படகு, நனைந்த படகு, இருட்டில் துறைக்குத் திரும்புகிற படகு, என்றாவது ஒருநாள் நடுக்கடலில் ஏதோ ஒன்று பழுதாகி நிற்கிற படகு. நிற்கும் படகுக்குள் அந்தப் படகைத் தேடிப் பார்ப்பதுதான் உங்கள் வேலை. சோபாவின் துணியும் விளக்கின் நிறமும் தாமாகவே கண்ணில் படும், அவற்றுக்கென்று நேரம் ஒதுக்க வேண்டாம்.

எந்தக் கண்காட்சிக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து பார்க்கக் கிடைப்பதும் மாறும். ஜெர்மனியின் டுசெல்டார்ஃபில் 1969 முதல் நடக்கும் 'பூட்' கண்காட்சி ஜனவரிக் குளிரில் கூரைக்குள் நடப்பது. படகுகள் எல்லாம் தரையில் தாங்கிகளின் மேல் நிற்கும். அடிப்பாகத்தை இவ்வளவு நிதானமாகப் பார்க்க வேறு வாய்ப்புக் கிடைப்பது கடினம். பிரான்சின் கான் நகரில் 1977 முதல் நடக்கும் கண்காட்சி செப்டம்பரில், தண்ணீரிலேயே நடப்பது. அங்கே அடிப்பாகம் தெரியாது. ஆனால் படகு தண்ணீரில் நேராக மிதக்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா, பக்கத்தில் ஒரு படகு கடந்தால் எப்படி ஆடுகிறது, சிற்றலை அடிப்பாகத்தில் மோதும் சத்தம் படுக்கை அறைக்குள் எவ்வளவு கேட்கிறது என்பதெல்லாம் தெரியும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன், இத்தாலியின் ஜெனோவா, அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் ஆகிய இடங்களிலும் பெரும்பாலான மோட்டார் யாட்டுகளைத் தண்ணீரிலேயே பார்க்கலாம். மொனாக்கோ கண்காட்சி சூப்பர் யாட்டுகளுக்கானது. நீங்கள் சொல்லும் அளவுக்கு அங்கே போவதில் பயனில்லை. முடிந்தால் ஒரே மாடலை ஒருமுறை தரையிலும் ஒருமுறை தண்ணீரிலும் பாருங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் முதல் தடவை தரையில் பார்ப்பது நல்லது என்பேன், ஏனென்றால் தண்ணீரில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பைப் பின்னால் எப்படியும் கேட்டு வாங்கப் போகிறீர்கள்.

போகும் முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஐந்து அல்லது ஆறு மாடல்களை மட்டும் முடிவுசெய்து, ஒவ்வொரு நிறுவனத்திடமும் நேரம் குறித்து வாங்கிவிடுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் போனால் வரிசையில் நின்று, பத்து நிமிடம் சலூனில் (படகின் வரவேற்பறையில்) சுற்றிவிட்டு இறங்க வேண்டியிருக்கும். வார நாளில் காலை முதல் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். படகில் ஏறும் முன் செருப்பைக் கழற்றிக் கூடையில் போடச் சொல்வார்கள், அதனால் எளிதில் கழற்றி மாட்டக்கூடிய காலணி போதும். சிறிய டார்ச், அளவு நாடா, ஒரு நோட்டு, போன் ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு படகிலும் ஏறியதும் முதலில் அதன் பெயர்ப்பலகையைப் படம் எடுங்கள். மாலையில் பார்த்தால் எல்லாப் படுக்கை அறையும் ஒன்றுபோலத்தான் இருக்கும், எந்தப் படம் எந்தப் படகு என்று பிரிக்க அது ஒன்றுதான் உதவும்.

அடிப்பாகத்திலிருந்து தொடங்குகிறேன். தரையில் நிற்கும் படகு என்றால் மேலே ஏறுவதற்கு முன் ஒருமுறை சுற்றி வாருங்கள். பின்னால் குனிந்து, அடிப்பாகம் எவ்வளவு கூராக 'V' வடிவில் இறங்குகிறது என்று பாருங்கள். வேகமாக ஓடும் படகு அலையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தக் கோணம். அமெரிக்க வடிவமைப்பாளர் ரே ஹன்ட் பின்முனை வரை கூர் குறையாத ஆழமான V அடிப்பாகத்தை உருவாக்க, ரிச்சர்ட் பெர்ட்ராம் அப்படிப்பட்ட 'மாப்பி' என்ற படகில் 1960இல் மியாமி–நசாவ் பந்தயத்தைக் கடும் அலைகளுக்கிடையே வென்றார். கடலோர வேகப் படகுகளின் வடிவம் அதற்குப் பிறகு மாறியது. பின்முனையில் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் அலையைக் கிழித்துக்கொண்டு மெத்தென்று இறங்கும், ஆனால் நிற்கும்போது கூடுதலாக ஆடும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். 12, 14 டிகிரி என்றால் தட்டையான நீரில் சிக்கனம், நிற்கையில் நிலை, எதிர் அலையில் முதுகில் அடி. எது சரி என்பது நீங்கள் எங்கே, எப்படிப்பட்ட வானிலையில் ஓட்டப்போகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. கோணம் எவ்வளவு என்று கேளுங்கள். கையேட்டைப் புரட்டாமல் பதில் சொல்லும் விற்பனையாளர் கிடைத்தால் அவரிடமே மற்றதையும் கேளுங்கள்.

அதே இடத்தில் ப்ரொபெல்லர்களையும் பார்த்துவிடுங்கள். நேரான ஷாஃப்ட் (என்ஜினையும் ப்ரொபெல்லரையும் இணைக்கும் தண்டு) என்றால் அமைப்பு எளியது, எந்தத் துறையிலும் அதைத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். ஷாஃப்டுக்கும் ப்ரொபெல்லருக்கும் முன்னால் கீல் (அடிப்பாகத்தின் நடுவில் ஓடும் முதுகெலும்பு) இறங்கி வந்து அவற்றைக் காக்கிறதா என்று பாருங்கள். 2005இல் வோல்வோ பென்டா கொண்டுவந்த ஐபிஎஸ் என்ற பாட் (அடிப்பாகத்துக்குக் கீழே தொங்கும் உந்துகூடு) அமைப்பில் ப்ரொபெல்லர்கள் முன்னோக்கி இருக்கும், அவற்றைத் தாங்கும் பாகமே திரும்பும், ஜாய்ஸ்டிக்கால் படகைப் பக்கவாட்டில்கூட நகர்த்தலாம். பெரிய படகு ஓட்டிப் பழக்கமில்லாத தம்பதிக்குத் துறையில் கட்டும்போது இது பெரிய உதவி. என்ஜினைப் பின்னுக்குத் தள்ள முடிவதால் நடுவில் ஒரு முழு அகலப் படுக்கை அறையும் கிடைக்கும். ஆனால் பராமரிப்புச் செலவு அதிகம், கால அட்டவணை தவறாமல் சீல், எண்ணெய், அரிப்புத் தடுப்பு ஆனோடு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். ப்ரொபெல்லர் முன்னால் நிற்பதால் மிதக்கும் கட்டையில் முதலில் மோதுவதும் அதுவே. பலமாக மோதினால் பாட் உடைந்து தனியே கழன்று போகும்படியும், அடிப்பாகம் கிழியாதபடியும்தான் வடிவமைத்திருக்கிறார்கள். படகு மூழ்காது, ஆனால் செலவு பெரியது. இன்னொரு விஷயம், ஐபிஎஸ் 600 என்ற பெயரைப் பார்த்து 600 குதிரைத்திறன் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது 435 அல்லது 440 குதிரைத்திறன் கொண்ட டி6 என்ஜின்தான். ஷாஃப்ட் அமைப்பில் இவ்வளவு வேகத்துக்கு 600 தேவைப்படும் என்ற கணக்கில் வைத்த பெயர் அது. ஒப்பிடும்போது என்ஜினின் உண்மையான திறனைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இனி என்ஜின் அறை. கண்காட்சி நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

என் முதல் யாட்டை ஒரு கண்காட்சியின் கடைசி நாள் மாலையில் கையெழுத்திட்டு வாங்கினேன். 13 மீட்டர், இரட்டை டீசல். சலூன் அவ்வளவு விசாலம், அதைப் பார்த்ததுமே மனம் முடிவு செய்துவிட்டது. என்ஜின் அறையின் மூடியைத் திறந்து காட்டினார்கள். வெள்ளைப் பெயின்ட், துடைத்து வைத்த என்ஜின்கள், அழகாகக் கட்டிய ஒயர்கள். மேலே நின்று பார்த்துவிட்டு நல்லது என்று தலையாட்டினேன், இறங்கவில்லை. ஆறேழு மாதம் கழித்து ஒரு மதியம், கரையிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில், வலது என்ஜினின் வெப்ப எச்சரிக்கை அலறியது. கடற்பாசி கடல்நீர் வடிகட்டியை அடைத்திருந்தது. வடிகட்டியின் மூடியைத் திருகித் திறந்து, கூடையை எடுத்து உதறி, திரும்ப வைக்கிற பத்து நிமிட வேலை. ஆனால் அந்த வடிகட்டி என்ஜினுக்கும் படகின் வெளிச்சுவருக்கும் நடுவில், கீழே இருந்தது. அதைத் தொட வேண்டுமானால் கொதிக்கும் என்ஜினின் மேல் குப்புறப் படுத்து, தோள் வரை கையை இடுக்கில் விட வேண்டும். துணியை மடித்துப் போட்டுப் படுத்துப் பார்த்தேன். மூடி வரை விரல் எட்டியது, அதைத் திருகும் அளவுக்குக் கை வளையவில்லை. படகு வேறு ஆடிக்கொண்டிருந்தது. முழங்கையில் சூடு பட்டதுதான் மிச்சம். ஒற்றை என்ஜினில், மெல்ல, வெளிச்சம் போவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற பதற்றத்தோடு வந்து சேர்ந்தோம். துறையில் மெக்கானிக் அதைத் திறக்க முதலில் பக்கத்திலிருந்த ஒரு குழாயையே கழற்ற வேண்டியிருந்தது. படகு கட்டியவர்கள் அதை என்ஜின் இறக்கும் முன் பொருத்தியிருக்கிறார்கள், அதன்பின் ஒருவர் அதைத் திறப்பார் என்று யோசிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு எந்தக் கண்காட்சியிலும் என்ஜின் அறைக்குள் இறங்காமல் நான் படகைவிட்டு இறங்கியதில்லை. நீங்களும் அனுமதி கேட்டு இறங்குங்கள். மறுத்தால், அந்தப் படகைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் கையை நீட்டித் தொட்டுப் பாருங்கள்: எண்ணெய் அளவுக் கம்பி, எண்ணெய் வடிகட்டி, டீசல் வடிகட்டி, தண்ணீர் பம்ப், கடல்நீர் வடிகட்டி, பெல்ட். தண்ணீர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லரை அவ்வப்போது மாற்றியாக வேண்டும், அதன் மூடி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, ஸ்பேனர் நுழைய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டை என்ஜினில் உள்பக்கம் எல்லாம் வசதியாகத்தான் இருக்கும், இரண்டு என்ஜின்களின் வெளிப்பக்கத்தையும் தனித்தனியே சோதியுங்கள். ஒரு கண்காட்சியில் நான் இப்படிக் கேட்டபோது, விற்பனையாளர் தங்கள் பொறியாளரைக் கூப்பிட்டார். அறுபதைத் தாண்டியவர். ஒரு வார்த்தையும் சொல்லாமல் மண்டியிட்டு, இடது கையாலேயே வடிகட்டி மூடியைத் திருகி, கூடையை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு நீங்களே திரும்ப வைத்துப் பாருங்கள் என்று நகர்ந்துகொண்டார். என்னால் முடிந்தது. இப்போது வைத்திருப்பது அந்தப் படகுதான்.

கீழே இருக்கும்போதே கடல்நீர் வால்வுகளையும் எண்ணிவிடுங்கள். அடிப்பாகத்தில் போட்ட ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு வால்வு இருக்கும், ஒவ்வொன்றையும் கையால் மூடித் திறக்க முடிய வேண்டும். அவை எந்த உலோகத்தில் ஆனவை என்று கட்டாயம் கேளுங்கள். சாதாரணப் பித்தளை கடல்நீரில் கிடந்தால் அதிலுள்ள துத்தநாகம் மெல்ல வெளியேறி, வெளியே முழுசாகத் தெரிந்தபடியே உள்ளுக்குள் செம்பு மட்டும் மிஞ்சி, பிஸ்கட்போல உடையும். ஐரோப்பியத் தரவிதியில் இவற்றின் அரிப்புத் தாங்கும் காலம் வெறும் ஐந்து ஆண்டு என்றே வரையறுத்திருந்தார்கள், அதனால் புதுப் படகிலும் பித்தளை வந்துகொண்டிருந்தது. வெண்கலம், அல்லது துத்தநாகம் வெளியேறாதபடி செய்த பித்தளை, அல்லது தரமான கலப்புப் பிளாஸ்டிக் என்று பதில் வந்தால் நிம்மதி. தெரியாது என்றால் எழுத்தில் கேளுங்கள்.

மேலே வாருங்கள். பக்கத் தளத்தில் பின்னாலிருந்து அணியம் (படகின் முன்முனை) வரை ஒருமுறை நடந்து பாருங்கள், ஆனால் ஒரு கையில் ஏதாவது ஒன்றைப் பிடித்தபடி நடங்கள். கயிறும் மோதல் தாங்கும் ஃபெண்டரும் எடுத்துக்கொண்டு நடப்பவருக்கு ஒரு கைதான் மிச்சம் இருக்கும். அந்த ஒரு கைக்குத் தொடர்ச்சியாகப் பிடி கிடைக்கிறதா? பிடி விட்டுப் போகிற இடத்தில் நின்று, படகு ஒரு பக்கம் பதினைந்து டிகிரி சாய்ந்திருப்பதாக நினைத்துப் பாருங்கள். பல புதிய வடிவமைப்புகளில் சலூனை அகலமாக்குவதற்காகப் பக்கத் தளத்தை ஒரு பாதம் வைக்கும் அகலத்துக்குக் குறைத்துவிட்டார்கள், சிலவற்றில் ஒரு பக்கம் தளமே இல்லை. மனைவி கயிற்றோடு முன்னால் போகப் போகிறார் என்றால் அவரே நடந்து பார்த்துச் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். கயிறு கட்டும் கொக்கிகள் இரண்டு தடித்த கயிறு தாங்கும் அளவுக்குப் பெரிதா, நடுவிலும் ஒன்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது யாரும் பார்க்காத இந்த நடுக் கொக்கிதான், இருவர் மட்டும் ஓட்டும் படகில் காற்று வீசும் நாளில் துறையில் கட்டும்போது முதலில் மாட்டுவது.

சுக்கான் இருக்கையில் உட்கார்ந்து ஐந்து நிமிடமாவது இருங்கள். கண்ணாடிக்கு நடுவே இருக்கும் தூண்கள் எவ்வளவு தடிமன்? ஒரு தூணுக்குப் பின்னால் ஒரு முழுக் கப்பலே மறைந்துகொள்ளும். தலையைத் திருப்பினால் பின்பக்கம் தெரிகிறதா, அல்லது ஃப்ரிட்ஜும் படிக்கட்டும் மறைக்கின்றனவா? வெளிர் நிற டாஷ்போர்டு கண்ணாடியில் பிரதிபலிக்கிறதா? அப்படியானால் வெயிலில் முன்னால் பார்ப்பதே கஷ்டம். திரைகளின் வெளிச்சத்தை இரவுக்கு எவ்வளவு குறைக்க முடியும் என்று குறைத்துக் காட்டச் சொல்லுங்கள். சுக்கானுக்குப் பக்கத்தில் திறக்கும் கதவு ஒன்று இருந்தால் அதற்குத் தனி மதிப்பெண். ஒருவர் சுக்கானை விட்டு இரண்டு அடியில் தளத்துக்குப் போய்க் கயிறு போட்டுத் திரும்பலாம். ஃப்ளைபிரிட்ஜ் (கூரைமேல் உள்ள திறந்த ஓட்டுமிடம்) இருந்தால் அங்கே ஏறும் படியில் இறங்கியும் பாருங்கள். ஏறுவது எப்போதும் சுலபம்.

படுக்கை அறையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும், வெட்கப்படாதீர்கள். இருவரும் சேர்ந்து படுங்கள், பின் ஒருவர் மற்றவரைத் தாண்டாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். நடு அறையில் நிற்கும் உயரம் கதவருகே மட்டும்தான் இருக்கும். அங்கே படுத்தபடியே, படிக்கட்டுப் பக்கம் தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவேன் என்று கேட்டுக்கொண்டு, அந்த அவசர வழியைத் திறந்து, உங்கள் தோள் நுழையுமா என்று பாருங்கள். கழிப்பறையில் கதவைச் சாத்தி உட்கார்ந்து பாருங்கள். சமையல் மேடையில் விளிம்புத் தடுப்பு உண்டா, இழுப்பறைகள் பூட்டிக்கொள்கின்றனவா என்றும் ஒரு பார்வை போதும்.

எண்களுக்கு வருவோம், விற்பனைக் கையேடு உங்களை ஏமாற்றாமலே திசைதிருப்பும் இடம் இதுதான். கையேட்டில் அதிகபட்ச வேகம் 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) என்று போட்டிருக்கும். அது சுத்தமான அடிப்பாகம், பாதித் தொட்டி, இரண்டு மூன்று பேர் என்ற நிலையில் எடுத்தது. 1,300 லிட்டர் டீசல் என்றாலே ஒரு டன்னுக்கு மேல். 500 லிட்டர் தண்ணீர் அரை டன். பின்மேடையில் ஒரு சிறு படகு 300 கிலோ. இத்தனையோடு அடிப்பாகத்தில் கொஞ்சம் பாசியும் சேர்ந்தால் படகு மேலெழுந்து ஓடவே திணறலாம். ஆகவே முழுச் சுமையில் எடுத்த வேக அட்டவணையைக் கேளுங்கள், என்ஜின் சுற்றும் ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் வேகமும் மணிக்கு எத்தனை லிட்டர் என்பதும் அதில் இருக்க வேண்டும். கையில் அட்டவணை இல்லாவிட்டால் ஒரு தோராயக் கணக்கு உண்டு: டீசல் என்ஜின் முழுத் திறனில் ஓடும்போது ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.2 லிட்டர் எரிக்கும். 435 வீதம் இரண்டு என்ஜின் என்றால் மணிக்கு ஏறக்குறைய 170 லிட்டர்.

மெதுவாகப் போக நினைத்தால் கணக்கே வேறு. நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது தண்ணீர் மட்டத்தில் படகின் நீளத்தை, மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43 ஆல் பெருக்குங்கள். 12 மீட்டருக்கு 8.4 நாட் வரும். தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் படகின் இயல்பான உச்ச வேகம் அது. அதற்குள் போகும்போது டீசல் செலவு பல மடங்கு குறையும், அதைத் தாண்டித் தண்ணீர்மேல் ஏறி ஓட வைக்கத்தான் அவ்வளவு திறனும் செலவாகிறது. நாள் முழுக்க 8 நாட்டில் போவதில் உங்களுக்குத் திருப்தி என்றால், மேலெழுந்து ஓடும் வடிவமும் பெரிய என்ஜின்களும் உங்களுக்குத் தேவையே இல்லை. இதை மனைவியோடு பேசி முடிவுசெய்துவிட்டுக் கண்காட்சிக்குப் போங்கள். அங்கே நின்று முடிவு செய்தால் வேகம்தான் ஜெயிக்கும். தொட்டியின் கொள்ளளவையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்பது பழைய கடலோடிகளின் கணக்கு, இன்றும் அது பொய்க்கவில்லை.

படகு கட்டியவர் பொருத்திய தகட்டைத் தேடிப் படியுங்கள், பெரும்பாலும் சுக்கானருகே அல்லது பின்தளத்தில் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி 2.5 முதல் 24 மீட்டர் வரையுள்ள உல்லாசப் படகுகள் நான்கு பிரிவு. பி என்றால் பியூஃபோர்ட் என்ற காற்றளவில் 8 வரை காற்றும் 4 மீட்டர் வரை அலையும் தாங்கும் வடிவமைப்பு. சி என்றால் காற்று 6 வரை, அலை 2 மீட்டர் வரை. ஏ அதற்கும் மேல். டி அமைதியான நீருக்கு. ஒரே படகுக்கு பி பிரிவில் 10 பேர், சி பிரிவில் 12 பேர் என்று இரண்டு எண்ணிக்கை இருப்பதும் உண்டு. ஆனால் இது படகு தாங்குமா என்பதைத்தான் சொல்லும், அந்த அலையில் நீங்கள் வசதியாக இருப்பீர்களா என்பதைச் சொல்லாது. 4 மீட்டர் அலையில் 13 மீட்டர் படகில் யாரும் மனமார இருக்க மாட்டார்கள்.

ஜெனரேட்டரை ஓட விடச் சொல்லுங்கள். தண்ணீரில் நடக்கும் கண்காட்சியில் இதைக் கேட்டுப் பார்க்கலாம். நங்கூரமிட்டு ஏசியோடு தூங்கும் இரவு முழுக்க அந்தச் சத்தம்தான் துணை, அதைப் படுக்கை அறையிலிருந்து கேளுங்கள். ஆட்டத்தைக் குறைக்கும் கைரோ பொருத்தியிருந்தால், அதற்கும் மின்சாரம் வேண்டும் என்பதையும், சுழல் முழு வேகத்தை எட்டிப் பயன் தர அரை மணி நேரத்துக்கு மேலாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நிற்கும்போதும் ஆட்டத்தைக் குறைக்கும் என்பதால் நங்கூரமிட்டுத் தங்குகிறவர்களுக்கு அது நல்ல செலவு. அதை எடுத்து வெளியே கொண்டுவர வழி விட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

விலையைப் பற்றி ஒன்று. முகப்பில் எழுதியிருப்பது அடிப்படை விலை. நீங்கள் ஏறி நின்ற படகில் விருப்பப் பொருட்கள் எல்லாம் பொருத்தியிருக்கும். "இந்தப் படகு, இப்போது நிற்கிற நிலையில், வரியோடு, அடிப்பாகப் பூச்சு, உயிர்காப்புப் படகு, கருவிகள், இறக்கி ஓட வைக்கும் செலவு எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வரும் எண் முகப்பு எண்ணைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்கும், அதிர்ச்சி வேண்டாம், எல்லா நிறுவனத்துக்கும் இது பொது. துறைக் கட்டணம் மொத்த நீளத்துக்கு என்பதால் பின்மேடையையும் முன்னால் நீளும் நங்கூரத் தாங்கியையும் சேர்த்து அளவு கேளுங்கள். 12 என்று பெயரில் இருக்கும் படகு 13ஐத் தாண்டியிருப்பது சகஜம்.

கண்காட்சி முடியும்வரைதான் இந்தத் தள்ளுபடி என்று சொல்வார்கள். சில நேரம் அது உண்மையும்கூட, தொழிற்சாலையில் படகு கட்டித் தர அந்த வாரத்துக்கென்று ஒதுக்கிய இடங்கள் நிஜமாகவே நிரம்பும். அப்படியானாலும் அங்கேயே ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம். மிஞ்சிப்போனால், திரும்பப் பெறக்கூடிய ஒரு சிறு தொகையைக் கொடுத்து இடத்தைப் பிடியுங்கள், 'திரும்பத் தரப்படும்' என்பது எழுத்தில் இருக்கட்டும். பெரிய தொகையைத் தவணையாகக் கட்டும்போது, கட்டி முடிக்கும் முன் நிறுவனம் திவாலானால் அரைகுறையாக நிற்கும் படகு யாருடையது என்பதை ஒப்பந்தம் சொல்ல வேண்டும். கட்டிய தவணைக்குத் தக்க உரிமை உங்களுக்கு மாறுகிறதா, அல்லது வங்கி உத்தரவாதம் தருவார்களா என்று ஒரு வழக்கறிஞரைக் கொண்டு படிக்க வையுங்கள். புதுப் படகுதானே என்று சர்வேயரை, அதாவது படகைச் சோதித்து அறிக்கை தருபவரை, தவிர்க்காதீர்கள். எனக்கு அந்த வடிகட்டியை ஒரு சர்வேயர் ஐந்து நிமிடத்தில் சுட்டிக்காட்டியிருப்பார்.

முதல் நாள் எல்லாம் பாருங்கள், இரவில் இருவரும் தனித்தனியே குறித்ததை ஒப்பிடுங்கள், மறுநாள் இரண்டே படகுகளுக்கு மட்டும் திரும்பப் போங்கள். இரண்டாம் முறை ஏறும்போது சலூன் கண்ணை இழுக்காது, அப்போதுதான் உண்மையான கேள்விகள் வரும். அந்த இரண்டுக்கும் கடலோட்டம், அதாவது கடலில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு, கேளுங்கள். ஒப்பந்தம் கடலோட்டத்தில் திருப்தி என்ற நிபந்தனையோடு இருக்க வேண்டும். வெயிலும் கண்ணாடிபோல் கடலும் உள்ள நாளைக் குறித்துத் தருவார்கள், காற்று 5 வீசும் நாளுக்குக் காத்திருப்பதாகச் சொல்லுங்கள். அன்று தொட்டிகளை நிரப்பச் சொல்லிவிட்டு, எதிர் அலையில் கொஞ்சம், பின்னலையில் கொஞ்சம், பக்க அலையில் கொஞ்சம் நீங்களே ஓட்டுங்கள். பின்னலையில் அணியம் ஒருபுறம் இழுத்துக்கொண்டு ஓடுகிறதா என்பதைக் கையில் உணர்வீர்கள். பிறகு சுக்கானை மனைவியிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் கீழே போய் என்ஜின் அறையின் பக்கத்துப் படுக்கையில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள்.